திருக்கையும் மக்ரூன் பையும்

"மாஸ்டர், பாய்ஞ்சு உதைக்கது எப்பச் சொல்லித் தருவீங்க?"

"விழு," என்றார் பிலோமி மாஸ்டர்.

டெல்பின் விழுந்தாள்.

"இன்னொருக்க."

மறுபடியும் விழுந்தாள். தூத்துக்குடி வெயிலுக்கு மொட்டைமாடி தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பாய் விரித்திருந்தும் முதுகு சுட்டது.

"சேந்த நாள்ல இருந்து விழத்தான் மாஸ்டர் செய்யுதேன்."

"நல்லா விழுத."

"விழுகதுக்கா கராத்தே?"

மாஸ்டர் மாடி மூலையில் உட்கார்ந்து சாளை மீனை உரசிக்கொண்டிருந்தார். தலையில் கொண்டை, இடுப்பில் கறுப்பு பெல்ட், பெல்ட்டின் மேல் மீன் செதில். வகுப்பு முடியும்போது மத்தியானக் குழம்பும் தயாராகிவிட வேண்டும் அவருக்கு.

இந்த டெல்பினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை. ஓடுகிற உப்பு லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு ட்யூஷனுக்குப் போவாள். பாலத்தில் இருந்து கடலுக்குள் குதிப்பாள், ஆழம் பார்க்க மாட்டாள். அவள் அம்மா மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திக்குக் கணக்கே கிடையாது. நெஞ்சு படபடக்காத நாள் டெல்பினுக்கு நாளே இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஊரைக் காப்பாற்றுகிற ஆசை வேறு வந்துவிட்டது. வந்தால் விடுமா?

*

மாஸ்டர் வீட்டுக் கதவு தட்டும் சத்தம்.

"யாரு?" என்றார் மாஸ்டர்.

வெளியே இருந்து கனத்த குரல் வந்தது.

"திருக்கை!"

"மீன் வேண்டாம். வாங்கியாச்சு."

குரலில் கனம் இறங்கியது.

"மாஸ்டர், நான்தான்."

கதவு திறந்தது.

குடைத்துணியில், திருக்கை மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் அகலமாக இறக்கை. பின்னால் சைக்கிள் ட்யூபை வெட்டிச் செய்த நீண்ட வால். முகத்தில் கண்ணுக்கு மட்டும் துளை வைத்த கறுப்புத் துணி. நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு, நம் டெல்பின்.

"எப்படி மாஸ்டர்?"

"வேர்க்காதாட்டி?"

"வேர்க்கும். ஆனா பாக்கவன் பயந்துருவான்லா!"

"எவன்?"

"செயின் அறுக்கவன், பர்ஸ் அடிக்கவன், எல்லாவனும்தான். நான் போய்ப் பிடிக்கப் போறேன். பிடிச்சதும், யாரு நீன்னு கேப்பான். அப்ப இடுப்புல கைய வெச்சு, 'நான் திருக்கை'ன்னு சொல்லணும். கண்ணாடி முன்னால சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். அப்படிப் புல்லரிக்கு மாஸ்டர்!"

"முகமூடி எதுக்கு?"

"நான் யாருன்னு தெரியக் கூடாதுல்லா."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா கெத்தே போயிரும்."

மாஸ்டர் அவளைச் சுற்றி வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு குடையா?"

"ஒண்ணு அப்பாவுது."

"இன்னொண்ணு?"

டெல்பின் முகமூடிக்குள் முனகினாள். "ஃபாதரோடது."

"கோயில் ஃபாதரோடதா? அவருக்குத் தெரியுமா?"

"மழை வந்தாத் தெரிஞ்சிரும்."

நல்ல வேளை, எங்கள் ஊரில் மழை லேசில் வராது.

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். வால் சேருகிற இடத்தில் தையல் விட்டிருந்தது. உள்ளே போய் ஊசியும் நூலும் எடுத்துவந்து, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, தையலைச் சரி செய்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வால மிதிச்சு நீயே விழுந்துறாத."

"விழுந்தா என்ன மாஸ்டர்? அத மட்டும்தான படிச்சிருக்கேன்."

'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு சிலர் மாஸ்டரைக் குறை சொன்னார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளையா அது! இவர்களுக்கு என்ன, வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

*

பஸ் ஸ்டாண்டில் காலை நேரக் கூட்டம். கட்டணக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் திருக்கை பதுங்கி நின்றது. ஊரைக் காப்பாற்ற வேறு இடம் கிடைக்கவில்லை.

ஒரு ஆள் ஓடி வந்தார். கையில் பெண்கள் மாட்டுகிற தோள்பை.

டெல்பினுக்கு நெஞ்சு எகிறியது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே! ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து வாலைச் சுழற்றி அவர் காலில் வீசினாள். அருமையான வீச்சு. அவர் குப்புற விழுந்தார்.

"திருடன்! திருடன்!" என்று யாரோ கத்தினார்கள். யாரோ அறைந்தார்கள். இன்னும் யாரோ மிதித்தார்கள்.

கிளம்பிக்கொண்டிருந்த திருச்செந்தூர் பஸ் நின்றது. ஒரு பெண் இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, அடிக்காதீங்க! பைய நான்தான் டீக்கடைல மறந்துட்டேன். அந்த அண்ணாச்சி அதக் குடுக்கத்தான ஓடியாந்தாரு!"

கூட்டம் கலைந்துவிட்டது. அடித்தவர்களில் ஒருவரையும் காணோம்.

அவர் பெயர் பால்துரை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் டீ ஆற்றுகிறவர். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் ரத்தம். நிமிர்ந்து அந்தக் கறுப்பு உருவத்தைப் பார்த்தார்.

"யாரு நீ?" என்று கேட்டார்.

கண்ணாடி முன்னால் நின்று ஆசை ஆசையாகச் சொல்லிப் பார்த்த பதில் ஒன்று இருந்தது. டெல்பின் வாயைத் திறந்தாள். வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

*

"கை?" என்றார் மாஸ்டர், எல்லாம் கேட்டு முடித்து.

"ஒடஞ்சிட்டு மாஸ்டர். மாவுக்கட்டு போட்டுருக்காங்க. கை சேருத வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு கடைக்காரர் சொல்லிட்டாராம்."

"அப்படி நீ விழுந்திருந்தா?"

"எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கைய ஊனாம உருண்டு எந்திச்சிருப்பேன்."

"ஆமா. உனக்கு நான் சொல்லிக் குடுத்தேன். அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

டெல்பின் அழுதாள். அப்படி ஒரு அழுகை. மாஸ்டர் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"நான் என்ன செய்ய மாஸ்டர்?"

"சாப்பிட்டியா?"

"இல்ல."

சோறு போட்டு, சாளைக் குழம்பு ஊற்றினார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

*

இரண்டு நாள் கழித்து முகம் தெளிந்து வந்தாள்.

"மாஸ்டர், பிராயச்சித்தம் பண்ணிட்டேன். பெட்டி நெறைய முந்திரி மக்ரூன், அஞ்சாறு ஆரஞ்சு. ஒரு பைல போட்டுப் பால்துரை அண்ணாச்சி வீட்டுக் கதவுல மாட்டிட்டு வந்துட்டேன்."

"அவர் வாங்கிக்கிட்டாரா?"

"தட்டிட்டு ஓடியாந்துட்டேன். முகமூடி போட்டுத்தான் போனேன். ஒருத்தரும் பாக்கல."

"சரி. விழு."

டெல்பின் விழுந்து பழகினாள்.

வாரக் கடைசியில் திரும்பவும் முகம் வாடி வந்தாள்.

"பை அங்கனயே தொங்குது மாஸ்டர். தொட்டுக்கூடப் பாக்கல. மக்ரூன் மாஸ்டர்! மக்ரூன வேண்டாங்கவனும் உண்டா?"

"பக்கத்து வீட்டுல விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாரு பைன்னு தெரியலையாம். அடுத்தவுக பையத் தொட்டு ஒரு கை போனது போதும்னு சொல்லுதாராம்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு பை மாட்டட்டா மாஸ்டர்? 'இப்படிக்கு, திருக்கை'ன்னு எழுதி ஒட்டிட்டா?"

"மீன்காரர் குடுத்தாருன்னு நெனைச்சிக்கிடுவாரு."

"பெறகு என்னதான் செய்ய? சொல்லுங்க!"

மாஸ்டர் எழுந்தார். கை கழுவினார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

டெல்பின் தனியாக வீட்டுக்குள் நின்றாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

பதில் இல்லை. மறுபடியும் தட்டும் சத்தம்.

"யாரு? மாஸ்டரா?"

பதில் இல்லை. மறுபடியும் தட்டல்.

டெல்பினுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "விளையாடாதீங்க மாஸ்டர்! யாருன்னு சொன்னாத்தான கதவத் தொறப்பாங்க?"

சொன்னவள் அப்படியே நின்றாள்.

பிறகு மெதுவாகக் கதவைத் திறந்தாள். மாஸ்டர் படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"கடைக்குப் போறேன். புளி தீந்துட்டு," என்றார். "நீயும் கெளம்பு."

"பயமா இருக்கு மாஸ்டர்."

"இருக்கும்."

"திட்டுனாருன்னா?"

"நல்லா விழுவேல்லா, போ."

*

பால்துரை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கொண்டியில் பை தொங்கியது.

டெல்பின் சுடிதாரில் வந்திருந்தாள். எண்ணெய் வைத்துச் சீவிய தலை. முகத்தில் ஒன்றும் இல்லை. பாலத்தில் இருந்து குதித்தபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. ஓடிவிடலாமா என்று ஒரு கால் திரும்பியது. இன்னொரு கால் நகரவில்லை.

தட்டினாள்.

"யாரு?"

கை இடுப்புக்குப் போகவில்லை. துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டது.

"டெல்பின்."

"எந்த டெல்பின்?"

"ஐஸ் கம்பெனித் தெரு. அப்பா பேரு மச்சாது." கதவுக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள். "அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டுல உங்களத் தட்டிவிட்டது நான்தான்."

உள்ளே மின்விசிறி கடகடவென்று ஓடும் சத்தம்.

"அடிக்கதா இருந்தா அடிங்க அண்ணாச்சி. ஓட மாட்டேன்."

யாரோ கட்டிலில் இருந்து எழுந்திருக்கிற சத்தம். ஒரு இருமல்.

"அந்தப் பை உன்னுதா?"

"ஆமா அண்ணாச்சி."

"எடுத்துட்டு உள்ள வா. எறும்பு மொய்க்கு."