தினமும் விட்ட தண்ணீர்

தாராபுரம் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே வெந்நீர் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் செங்கோடன், வயது ஐம்பத்திரண்டு. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது மெக்கானிக் பரிமளா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். சின்னப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாயா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும் என்று விட்டுவிட்டார் மனுஷன்.

ஒரே வருஷத்தில் பாய்லர் குழாய் நான்காவது முறையாக வெடித்தது. மார்கழிக் குளிர். பிள்ளை பெற்றவர்களுக்கு மேலுக்கு ஊற்றிக்கொள்ள வெந்நீர் இல்லை. செங்கோடனை வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பரிமளாவை வரச் சொன்னார்.

அவள் வெடித்த குழாயை அறுத்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே அரை விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. தீயின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் இரும்பே வெந்துபோய் வெடித்திருக்கிறது.

ஆசிட் விட்டுக் கழுவி மூன்று மாசம்கூட ஆகவில்லையே, மறுபடி எங்கிருந்து வருகிறது, நான்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா என்று கேட்டார் செங்கோடன்.

காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள் பரிமளா.

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. குளிக்கிற தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்கிவிட்டு மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிற பாய்லர் தண்ணீர், போன மார்கழியிலிருந்தே தினமும் விடிவதற்குள் குறைந்துவிடுகிறது. போர்வெல் தண்ணீர் வால்வைத் திறந்து, அளவு காட்டுகிற முள் கோட்டைத் தொடும்வரை விடுவார். தீபாவளியன்றுகூட வந்து விட்டுவிட்டுத்தான் இட்லியில் கை வைத்தாராம்.

அவள் புதுக் குழாயைப் பொருத்தித் தண்ணீர் நிரப்பினாள். தீ மூட்டவில்லை. அந்த வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முள் மெல்ல இறங்கியது. செங்கோடனுக்குக் கை பரபரத்தது. கொஞ்சம் விடட்டுமா என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். அவள் கைப்பிடியைத் தரவில்லை.

மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. எழுந்து, குழாய் போகிற வழியே கட்டிடத்தைச் சுற்றி நடந்தார். துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால் குழாய் மண்ணுக்கடியில் போகிறது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் அருகம்புல் தளதளவென்று நின்றது. கை வைத்தார். ஈரம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இங்கே ஒழுகிக்கொண்டிருக்க, அங்கே நாள்தோறும் போர்வெல் தண்ணீரோடு புதுசாகச் சுண்ணாம்பையும் விட்டுக் குழாயை அடைத்தது தன் கைதான் என்று புரிந்துவிட்டது. பரிமளா பின்னால் வந்து நின்றாள்.

"வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சுங்க அம்மிணி. இனியும் நான் இந்த வேலைக்கு ஆவேனுங்களா?"

அவள் மண்வெட்டியை நீட்டினாள்.

"தெனமும் இந்தப் பாய்லர் உங்ககிட்ட சொல்லிட்டேதான் இருந்துச்சுங்ணா. வலிக்குதுன்னு சொன்னதை நீங்க தாகம்னு நெனச்சுட்டீங்க. கேக்கற காது இங்க உங்களுக்குத்தானே இருக்குது? வாங்க, தோண்டுவோம்."