கட்டைவிரல் எட்டும் தூரம்

“ஏய்யா, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. உன் வீட்டுல யாரும் டயாலிசிஸ் மிஷின்ல படுத்ததில்லைன்னு மட்டும் தெரியுது. படுத்திருந்தா அந்தப் பட்டனைக் கொண்டுபோய் அங்க வச்சிருப்பியா? வியாழக்கிழமை என் இடத்தைப் பறிச்சவன் நீதான். மூணு நாளா உடம்புல தண்ணி கோத்து, படுத்தா மூச்சு...”

கோமதிநாயகம் குரல் செய்தியைப் பாதியில் நிறுத்தினார்.

பேசியது முப்பிடாதி. சந்தையில் வெங்காயக் கடை போட்டிருக்கிறவர். டயாலிசிஸ் மையத்தின் இணையதளத்தை எவன் செய்தானோ அவனிடம் கொடுங்கள் என்று மையத்துக்கு அனுப்பியிருந்தார். மையம் அதை, இணையதளம் செய்துகொடுத்த ஹாஜிராவின் அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டிருந்தது.

செய்தவர் கோமதிநாயகம்தான். நாற்பத்தொன்பது வயது. மில் மூடிய பிறகு ஹாஜிராவிடம் வந்து, மவுஸ் பிடிப்பதிலிருந்து தொழில் கற்றவர். ஹாஜிராவுக்கு முப்பத்திரண்டு வயது. அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை டீச்சர் என்பார்.

“மீதியைக் கேக்கலையா அண்ணாச்சி?”

“அந்தம்மாவுக்குப் போன் பாக்கத் தெரியல டீச்சர். அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீங்க செஞ்சதைக் காட்டுங்க.”

கோமதிநாயகம் தன் புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். திரை முழுக்க ஒரு நர்ஸ் சிரித்தபடி நகர்ந்துகொண்டிருந்தார். அதன் மேல் நூல் போல மெலிந்த சாம்பல் எழுத்து. வலது மேல் மூலையில் சின்னதாக மூன்று கோடு. வேறொன்றும் இல்லை.

“இடம் போடுற பட்டன் எங்க?”

“அந்த மூணு கோட்டுக்குள்ள இருக்கு. இந்த வருசம் அப்படித்தான் டீச்சர். திரையில எதுவும் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது. பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் இப்படித்தான் போடுறான். மையத்தை நடத்துற டிரஸ்டி ஐயா ஹால் டிவியில போட்டுப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னு கைதட்டுனாரு.”

“டிரஸ்டிக்கு மிஷின் ஓடுதா?”

கோமதிநாயகம் போனை மேசையில் வைத்தார்.

“அடுத்த முறைக்கு எப்ப இடம் போடணும்?”

“மிஷின்ல படுக்குற அன்னைக்கே போடணும். காலைல ஏழு மணிக்குத் திறக்கும். ஏழரைக்கு மூடிரும். போடாதவங்க இடம் காத்திருக்கிறவங்களுக்குப் போயிரும்.”

“ஏழு மணிக்கு முப்பிடாதியம்மா எங்க இருப்பாங்க?”

கோமதிநாயகம் யோசித்தார். இதுவரை யோசித்ததில்லை.

“மிஷின்ல.”

“நாளைக்குச் சனிக்கிழமை. அவங்களுக்கு இடம் இருக்காம். ஏழு மணிக்கு?”

“நாளைக்கும் மிஷின்லதான். செவ்வாய்க்கிழமை இடத்தை நாளைக்குத்தான் போடணும்.”

ஹாஜிரா எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய நெட்வொர்க் கேபிள் ஒன்றை எடுத்து வந்தார்.

“சட்டையை மடிங்க. வலது கை.”

“வலது கையா? வேணும்னா இடது கையை...”

“பேரம் பேசாதீங்க. ஊசி குத்திக் குத்தி அந்தம்மாவுக்கு இடது கை நரம்பு அடைஞ்சுபோச்சாம். நர்ஸ்கிட்டக் கேட்டேன். இப்ப வலதுதான்.”

நாற்காலியின் கையோடு அவருடைய கையைச் சேர்த்துக் கட்டினார். ஆறிப்போன டீயை டம்ளர் விளிம்புவரை ஊற்றி, முழங்கை மடிப்பில் நிறுத்தினார்.

“இதுதான் ஊசி. ஆடுச்சுன்னா ரத்தம்.”

இடது கையில் ஒரு போனைக் கொடுத்தார். பழைய போன். உள்ளங்கைக்கு அடங்காத அகலம், கண்ணாடியில் கீறல்.

“இடத்தைப் போடுங்க.”

கோமதிநாயகம் கட்டைவிரலை நீட்டினார். திரையில் பாதிகூடத் தாண்டவில்லை. போனைத் தொடையில் சாய்த்தார். சரிந்தது. வயிற்றில் ஊன்றிக்கொண்டு விரலை வளைத்து எக்கினார். மூன்று கோடு அகப்படவில்லை. நர்ஸ்தான் நகர்ந்தார். டீ தளும்பியது.

“ஆடுது அண்ணாச்சி.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஒருவழியாக மெனு திறந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாம்பல் எழுத்து தெரியவில்லை. குனிய முடியாது. கண்ணை இடுக்கிப் படித்து முடிப்பதற்குள் திரை தானாக முகப்புக்குத் திரும்பிவிட்டது. நர்ஸ் மறுபடி சிரித்தார்.

“இதென்ன, தானா ஓடிருச்சு?”

“தொண்ணூறு நொடியில திரும்பிரும். நீங்க வச்சதுதான். பாதுகாப்புன்னு சொன்னீங்க.”

மறுபடி எக்கினார். மறுபடி. நெற்றியில் வேர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஐந்தாவது தடவை தோள் தன்னையறியாமல் தூக்கிக்கொண்டது. டம்ளர் கவிழ்ந்து கையிலும் பேண்ட்டிலும் டீ வழிந்தது.

“எந்த மடையன்யா பட்டனைக் கொண்டுபோய் அங்க வச்சான்!”

மாடிக்குக் கீழே இருந்த உரக்கடையில் பேச்சு சட்டென்று நின்றது.

கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது.

ஹாஜிரா ஒரு துணியால் அவர் கையைத் துடைத்தார். கட்டை அவிழ்க்கவில்லை. நிறுத்திய இடத்திலிருந்து குரல் செய்தியை ஓடவிட்டார்.

“...முட்டுது. டாக்டர் கையைக் காலைப் பிடிச்சு சனிக்கிழமைக்கு ஒரு இடம் வாங்கியிருக்கேன். தினம் கெஞ்ச முடியுமா? நர்ஸ் பிள்ளை ஒருத்தி, மிஷின் பத்து. அவளை எத்தனை தடவை கூப்பிட? நானும் கடை வச்சிருக்கவதான்யா. வாங்குறவங்க கண்ணுக்கு நேரா தராசை வைப்பேன். கூரையில கொண்டுபோய்த் தொங்கவிட்டா எவன் வாங்குவான்? செவ்வாய்க்கிழமையும் இடம் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் பேசுனேன்.”

போன் அடங்கியது.

கோமதிநாயகம் ஈரமான பேண்ட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அவிழ்த்துவிடுங்க டீச்சர். காலைக்குள்ள மாத்திடறேன்.”

ஹாஜிரா கீபோர்டை அவருடைய இடது கைப்பக்கம் நகர்த்தினார். டம்ளரை நிமிர்த்தி, மறுபடியும் விளிம்புவரை ஊற்றி, அதே இடத்தில் வைத்தார்.

“ஒரு கை இருக்கே அண்ணாச்சி. சரி பண்ணுங்க.”