செம்போத்து கட்டிய வெறும் பொட்டலம்

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். ஆளுக்கு நிறம் கொடுக்கும் வேலை செம்போத்துப் பறவைக்கு. ஊர் ஊராகப் போய், ஆதியில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தேக்கிலையில் இரண்டு சாயப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் தாய் ஒன்று, தகப்பன் ஒன்று கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையும் வளர்ந்து தன் பிள்ளைக்கு அப்படியே. பிரித்துப் பார்க்கக் கூடாது.

பல தலைமுறை போயிற்று. கரியான் மனைவி நல்லக்காளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடம்பு, முடி, இமை எல்லாம் வெள்ளை. வெயிலில் கண் திறக்க முடியாமல் வீரிட்டு அழுதது.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. "நம் வீட்டில் எல்லாரும் கரிக்கட்டை. இது எங்கிருந்துடி வந்தது?" என்றாள் மாமியார். "பொழுது சாய்வதற்குள் இதைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விடு!"

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்று நல்லக்காள் புருஷனைப் பார்த்தாள். வெட்கங்கெட்டவன், கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். அவள் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். வேடிக்கை பார்க்க ஊரே கரையில் கூடியது.

புதரிலிருந்து செம்போத்து அழுதுகொண்டே ஓடிவந்தது. "நில்லு தாயே! தப்பு என்னுடையது. ஆதியில் பொட்டலம் கட்டும்போதே சாயம் தீர்ந்துபோனது. எண்ணிக்கை குறையக் கூடாதே என்று சில இலைகளை வெறுமனே மடித்துக் கட்டிவிட்டேன். ஒரு பொட்டலத்தில் சாயம் இருந்தாலே ஆள் கறுப்பாகிவிடுவான், யாருக்கும் தெரியாது. வெறும் பொட்டலம் இரண்டு சேர்ந்தால்தான் இப்படி."

"இங்கே மட்டுமா?" என்றாள் நல்லக்காள்.

"எல்லா ஊரிலும்தான். சில ஊரில் இலையில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. அங்கே பிள்ளைக்கு வைக்கோல் நிற முடி, செம்பட்டை முடி. கடல் நடுவே ஒரு தீவில் ஆள் கொஞ்சம், வெறும் பொட்டலம் நிறைய. அங்கே இப்படிப் பிள்ளைகள் அதிகம்."

மாமியார் விடவில்லை. "ஒன்று இவளுடையது. இன்னொரு வெறும் பொட்டலம்?"

"உன் மகன் கொடுத்தது. அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று உன் வீட்டிலேயே தேடிக்கொள்!"

கரியான் தண்ணீரில் பாய்ந்து, "என் மகள், என் மகள்!" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

"இப்போதுதான் தெரிந்ததாக்கும்!" என்றாள் நல்லக்காள். சொல்லிவிட்டு, அப்பாடா என்று கரையேறி உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். மாமியார் அவசரமாகத் தன் சேலைத் தலைப்பைப் பிள்ளையின் முகத்துக்கு மேலே நிழலாகப் பிடித்தாள்.

செம்போத்துக்குத்தான் அழுகை நிற்கவே இல்லை. அன்று தொடங்கித்தான் அதன் கண் சிவந்தே கிடக்கிறது. வெள்ளைப் பிள்ளை பெற்றவளை யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால், "போய்ச் செம்போத்தைக் கேள்!" என்று பக்கத்து வீட்டுக்காரிகளே வாயை அடைப்பதும் அன்று முதல்தான்.