பொங்கல்படியில் வந்த ஹெல்மெட்

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் 'உச்' கொட்டுகிறார்களே தவிர, கடைசியில் நான் கேட்கிற கேள்விக்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. நீங்களாவது பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், ஆமாம்.

சுரண்டையில் கோமதிநாயகம் என்று ஒரு காய்கறி வியாபாரி. போன புரட்டாசியில் சந்தைக்குப் பைக்கில் போனவரை ஒரு லாரி பின்னாலிருந்து தூக்கி அடித்தது. அவர் தலை பாலத்துச் சுவரில் மோதிய சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டதாம். ஆள் முடிந்தான் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஓடினார்கள். மனுஷன் எழுந்து உட்கார்ந்து, "என் செருப்பு ஒண்ணைக் காணோமே" என்றாரே பார்க்கலாம்! ஹெல்மெட்டில் வெளியே ஒரே ஒரு கீறல். தலையில் அதுவும் இல்லை.

அன்றிலிருந்து அந்த ஹெல்மெட் அவர்கள் வீட்டில் சாமியாகிவிட்டது. அவர் மனைவி சொர்ணம் அதைக் கழுவுவதற்காக உள்துணியைக் கழற்றினாள். உள்ளே வெள்ளைத் தெர்மாக்கோலில் ஓரிடம் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. போட்டால் தலை ஆடுமே என்று அந்தக் குழியில் பஞ்சை அடைத்துத் துணியை மறுபடி மாட்டினாள். ஹெல்மெட்டின் வெளியே பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி என்னமோ எழுத்து. கோமதிநாயகத்துக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதன்மேல் குலதெய்வத்தின் படத்தை ஒட்டி, நெற்றிப் பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜை அலமாரியில் ஏற்றினார். தனக்கு வேறு ஹெல்மெட் வாங்கிக்கொண்டார்.

தை பிறந்தது. அவருக்கு ஒரே தங்கை, முப்பிடாதி. நர்ஸ் வேலை. ஊர் ஊராக ஸ்கூட்டரில் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். வருஷா வருஷம் அண்ணன் பொங்கல்படி கொண்டுபோவார். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி எல்லாம் அந்த வருஷமும் போயின. ஆனால் தாம்பாளத்தின் நடுவில் இருந்தது அந்த ஹெல்மெட்.

"என் உயிரைக் காப்பாத்துனது தாயி. இனி உன்னையக் காப்பாத்தட்டும்" என்றார். முப்பிடாதி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்த அண்ணன் கொடுப்பான் இப்படி ஒரு சீர்!

அவள் புருஷன் நயினார் அதற்கு நாலு நாள் முன்புதான் அவளுக்கென்று ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புது ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தான். இனி இது எதற்கு என்று பெட்டியைப் பிரிக்காமலே கடைக்கு எடுத்துப் போனான்.

"மச்சான் ஒண்ணு கொடுத்துட்டாருங்க. லாரி அடிச்சும் அதுக்கு ஒண்ணும் ஆகலை."

கடைக்காரர் பதறிவிட்டார். "அடிபட்டதா? ஐயோ, அதைப் போட விடாதீங்க சார்! உள்ள இருக்கிற தெர்மாக்கோல் ஒரு அடியத்தான் வாங்கும். அமுங்கினது அமுங்கினதுதான், திரும்ப எழும்பாது."

நயினார் புது ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினான். ஆனால் பொங்கல்படியில் வந்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது? நாள் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று புது ஹெல்மெட்டைப் பரணில் போட்டான். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

பங்குனியில் ஒரு காலை. முப்பிடாதி மெதுவாகத்தான் போனாள். ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே துள்ள, பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தாள். ஸ்கூட்டருக்குச் சேதமில்லை, முழங்காலில் சிராய்ப்புகூட இல்லை. தலை மட்டும் மைல்கல்லில் பட்டது. மண்டைக்குள் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் தலையைத் திறக்க வேண்டியதாயிற்று.

ஊரே உறைந்து போனது. லாரி அடித்தபோது காத்த ஹெல்மெட், ஓர் ஆட்டுக்குட்டிக்கு எப்படிக் கைவிடும்? எனக்கும் கேட்ட அன்று சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேர். ஹெல்மெட்டின் உள்ளே பார்த்த டாக்டர் வெளியே வந்து, முன்பே அமுங்கிப்போனது இது, ஒருமுறை அடிபட்டால் போடக்கூடாது என்று சாமி படத்துக்கு அடியில் இருந்த சீட்டிலேயே எழுதியிருக்கிறது என்று சொன்னதும் சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் குழியக் கண்ணால பாத்துப் பஞ்சை வச்சு அடைச்ச பாவி நான்தானே!"

"நீ சும்மா இரு" என்றார் கோமதிநாயகம். "எழுத்தை மறைச்சு சாமி படம் ஒட்டுனவன் நான். என் கையாலல்லா தூக்கிக் கொடுத்தேன்!"

நயினார் தரையைப் பார்த்தபடி சொன்னான். "புது ஹெல்மெட் பரண்ல கிடக்கு மச்சான். கடைக்காரர் எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாரு."



மூன்று பேருமே பழி தன்னுடையது என்கிறார்கள். இப்போது சொல்லுங்கள்: அந்தப் பழி யாரைச் சேரும்?

*

சரி, என் தீர்ப்பை நானே சொல்லிவிடுகிறேன். சொர்ணம் குழியைப் பார்த்தாள். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. கோமதிநாயகம் எழுத்தை மறைத்தார். அதைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவன் நயினார் ஒருவன்தான். மச்சான் மனம் நோகுமே என்று பார்த்தான், மனைவி தலையைப் பார்க்கவில்லை. பழி அவனுக்குத்தான். என்னைக் கல்நெஞ்சன் என்றாலும் சரி, தீர்ப்பை மாற்ற மாட்டேன். மூன்றாம் நாள் முப்பிடாதி கண் விழித்தாள். முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணன் கொடுத்த ஹெல்மெட் உடைஞ்சு போச்சா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தை மாதமே சொல்லியிருக்க வேண்டியதை நயினார் அப்போதுதான் சொன்னான். "அது புரட்டாசியிலேயே உடைஞ்சு போச்சு, முப்பிடாதி."