சந்தனம் வைத்த மதர்போர்டு

"குருவே, என் பக்தியில என்ன குறை?"

கேட்டவர் கொம்பையா. வயது ஐம்பத்திரண்டு. கையில் பூஜைத் தாம்பாளம். தாம்பாளத்தில் ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டு.

குரு ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு வயது. தூத்துக்குடியில் தன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். ஆசைப்பட்டவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். மூத்தவன் சீடனா என்று மூக்கில் விரல் வைப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

ஜெசிந்தா போர்டை மோந்து பார்த்தாள்.

"என்னண்ணே, கோயில் வாசம் அடிக்கு?"

"நேத்து ஆயுத பூஜைல்லா. சைக்கிள், மிக்சி, அருவாமனைக்கெல்லாம் வெளிய பொட்டு வச்சேன். கம்ப்யூட்டருக்கு உசிரு உள்ளதான இருக்கு? கழத்தி, ஹார்டு டிஸ்கு வரைக்கும் சிப்பு சிப்பா சந்தனம் குங்குமம் வச்சு, தீர்த்தம் தெளிச்சேன்."

"பிறகு?"

"சுவிட்சைப் போட்டேன். மணி அடிக்கதுக்கு முந்தியே புகை வந்துட்டு."

வீட்டு வைத்தியமும் பார்த்திருந்தார். போர்டை அரிசி மூட்டைக்குள் புதைத்திருந்தார். இப்போது ரேம் செருகும் இடத்தில் பொன்னி அரிசி உட்கார்ந்திருந்தது.

"கம்ப்யூட்டர் யாருது?"

"என் வீட்டுக்காரி கனியோடது. காலேஜ்ல பாடம் எடுக்கால்லா, நாலு வருஷமா எழுதுன ஆய்வு அதுலதான் இருக்கு. நாளைக்குக் கொடுக்கணும். ஊருக்குப் போனவ சாயங்காலம் வந்துருவா. அதுக்குள்ள சரியாயிருமா, குருவே?"

"மதினிட்ட சொல்லிட்டீங்களா?"

"சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

ஜெசிந்தா அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"முதல்ல இது."

கொம்பையா போனைப் பார்க்கவே இல்லை. "ஸ்பிரிட்டு ஊத்தித் தேய்ப்போமா?"

குரு போனை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

"ரேமை ரப்பர் வச்சுத் தேச்சா?"

இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"சால்டரிங் வைப்போமா? நானே வைக்கேன்!"

போன் அவர் விரலில் வந்து இடித்தது.

"பயமா இருக்கு தாயி," என்றார் கொம்பையா. குருவே என்பது மறந்துபோயிருந்தது. "கண்ணு முழிச்சு முழிச்சு எழுதுனா. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

குரு ஒரு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

கொம்பையா மனைவிக்குப் போன் போட்டார். சந்தனம், குங்குமம், தீர்த்தம், புகை, அரிசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"உங்களுக்குக் கரண்டு அடிக்கலையே?" என்று கேட்டாள் கனி.

"இல்ல."

"நெசமா?"

"நெசமாத்தான். உன் ஆய்வு, கனி..."

"அது பென் டிரைவ்ல எங்கிட்டல்லா இருக்கு! பூஜை அன்னைக்கு உங்களை நம்பி எவளாவது விட்டுட்டுப் போவாளா? போன வருஷம் ஃபேனுக்கு மாலை போட்டுச் சுத்தவிட்ட ஆளுதான நீங்க!"

கொம்பையா துண்டால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அதே துண்டில்தான் துடைத்தார்.

ஜெசிந்தா பழைய டூத் பிரஷ் ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

"இப்ப போர்டைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

பின்பக்கம் முழுக்க மூன்று பட்டையாக விபூதி.

"அண்ணே," என்றாள் குரு, "இதைச் சொல்லாம விட்டுட்டீங்களே. மதினிக்கு இன்னொரு தடவை போன் போடுங்க."