மஞ்சள் விளக்கும் ரெஜினாளின் வள்ளமும்

ஒரே ஒரு பழியை இரண்டு பேர் "நான்தான் தீர்த்தேன், நான்தான் தீர்த்தேன்" என்று வந்து நின்றால், பரிசை யாருக்குக் கொடுப்பீர்கள்? அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஏழுபாறைத்துறை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே மணலே கறுப்பு. அந்த ஊரில் ரெஜினாளுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தது. நாலு ஆட்கள் அதில் தொழிலுக்குப் போவார்கள். வருகிற மீனை அவளே ஏலக் கூடத்துக்குக் கொண்டுவருவாள். வீட்டில் சோறு பொங்குவதே அந்த வள்ளத்தை நம்பித்தான். ஏலம் எடுத்து வெளியூர்ச் சந்தைக்கு லாரியில் அனுப்புகிற வியாபாரி பெர்க்மான்ஸ்.

போன வருஷம் இந்த பெர்க்மான்ஸ், விலையை இறக்குவதற்காகச் சந்தையில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்: "ஏழுபாறைக் கடல்ல கதிர்வீச்சு கலந்திருக்காம்." அப்புறம் யார் அந்த மீனைத் தொடுவார்கள்? அவரே பரிதாபப்படுகிறவர்போல வந்து, கால் விலைக்கு எடுத்து, வேறு கரை மீனோடு கலந்து விற்றார். ரெஜினாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, நல்ல மீன்னு சந்தையில ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"கடலுக்கு நான் என்னக்கா சர்டிபிகேட் குடுக்க முடியும்?" என்று சிரித்தார் அவர்.

கால் விலைக்குக் கொடுக்க மனமில்லாமல், அன்றைக்கு ஒரு வள்ளம் நிறைய வந்த சாளை மீனைக் கறுப்பு மணலில் குழி தோண்டிப் புதைத்தாள் ரெஜினாள். ஒவ்வொரு மண்வெட்டி மணலுக்கும் அவர் பெயரை ஒரு தடவை சொன்னாளாம்.

ஊர் கொதித்ததும் அதிகாரிகள் வந்தார்கள். கடலில் மஞ்சள் மிதவை ஒன்றைக் கட்டி, அதன் அடியில் ஆள் நீளத்துக்கு ஓர் உருளையைத் தொங்கவிட்டார்கள். தண்ணீரில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அது ஓயாமல் அளக்கும். ஏலக் கூடத்துப் பலகையில் விளக்கு எரியும். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் பொறுத்துப் பார். சிவப்பு என்றால் ஆபத்து. பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரெஜினாளின் மகளிர் சங்கத்துக்கு.

கருவியைப் பொருத்த வந்த இன்ஜினியர் பெண் சொன்னாள்: "பயப்படாதீங்க. கொஞ்சம் கதிர் எல்லாத்துலயும் உண்டு. உங்க கறுப்பு மணல்ல உண்டு, மழை வானத்துல இருந்து கழுவிக் கொண்டுவரும், வாழைப்பழத்துலகூட உண்டு."

"வாழைப்பழத்துலயா!" என்று கூடம் முழுக்கச் சிரித்தது.

பெர்க்மான்ஸ் விடுவாரா? சந்தைக்குப் போய், "பச்சை எரியுதான்னு கேக்காம இந்தக் கரை மீனை இறக்காதீங்க. வேற எது எரிஞ்சாலும் லாரியைத் திருப்பிவிடுங்க" என்று ஒரு சட்டம் போட வைத்தார். என்றைக்காவது விளக்கு மாறினால் மறுபடியும் கால் விலைக்கு அள்ளலாம் என்று கணக்கு.

ஒரு நாள் ஏலத்தில் அவர் கேட்டார்: "என்ன ரெஜினாக்கா, இன்னைக்குப் புதைக்க மீன் ஒண்ணும் இல்லையா?"

ரெஜினாள் கூடையைக் கீழே வைத்தாள். "உன் லாரி மீனோட திரும்பி வந்து இந்த மணல்ல நிக்கும்டா. அப்படித் திரும்ப வைக்கிறது ஆம்பளையோ பொம்பளையோ, வேண்டியவரோ வேண்டாதவரோ, என் வள்ளம் அவருக்கு. இது வாக்கு."

சனிக்கிழமை விடியலில் அவள் நாத்தனார் பிலோமி, ஒரு சாக்கில் கறுப்பு மணலை நிரப்பிக்கொண்டு போய் மிதவையின் சங்கிலியில் கட்டி இறக்கினாள். சாக்கு அவிழாமல் சங்கிலி வழியே வழுக்கி அடித்தரைக்குப் போயிற்று. ஞாயிறும் திங்களும் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

செவ்வாய் காலையில் மழை கொட்டியது. ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. முந்தின நாள் ஐஸில் அடுக்கிய மீனோடு பெர்க்மான்ஸ் லாரி மட்டும் கிளம்பியது. மழை விட்டதும் விளக்கு மஞ்சளாயிற்று. மீன் விற்கும் கிறிஸ்டில்லா துள்ளிக்கொண்டு அதைப் படம் பிடித்துச் சந்தைக்கு அனுப்பினாள். பதில் வந்தது: "முன்னமே போன்ல கேட்டுத் தெரிஞ்சுகிட்டோம். லாரியைத் திருப்பியாச்சு."

சாயங்காலம் லாரி வந்து நின்றபோது ஐஸ் தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள் விளக்கும் பச்சைக்குத் திரும்பிவிட்டது. என்ன பிரயோசனம்? பெர்க்மான்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். ரெஜினாள் வீட்டிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். "குழி ஆழமாத் தோண்டுங்க தம்பி. நாய் கிளறும்."

மறுநாள் மிதவையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் சங்கிலியை இழுத்தார்கள். மணல் சாக்கு கட்டியபடியே மேலே வந்தது.

"என் சாக்குதான் விளக்கை மாத்திச்சு. வள்ளம் எனக்கு" என்றாள் பிலோமி.

"விளக்கு மாறினா ஆச்சா? படம் அனுப்பினது யாரு? எனக்குத்தான்" என்றாள் கிறிஸ்டில்லா.

இப்போது சொல்லுங்கள். ரெஜினாள் வாக்குத் தவறக் கூடாது. வள்ளம் யாருக்கு?

சாக்கு கட்டியிருந்தபோதே இரண்டு நாள் பச்சை எரிந்தது. சாக்கு அங்கேயே கிடக்க மஞ்சள் பச்சையாகவும் திரும்பியது. ஆகவே அது சாக்கின் வேலை இல்லை. படம் போய்ச் சேருமுன் லாரி திரும்பிவிட்டது. ஆகவே படமும் இல்லை. விளக்கை மாற்றியது மழை. அதற்கு வள்ளம் ஓட்டத் தெரியாது. ஆனால் வெறும் மஞ்சளுக்கே லாரியைத் திருப்பச் சொன்னவர் யார்? பெர்க்மான்ஸ். வேண்டாதவரானாலும் வாக்கு வாக்குதான்.

இது தெரியாமல் அவரே ரெஜினாள் வாசலில் வந்து நின்றார். "அக்கா, மழைக்காலம் முழுக்க இப்படின்னா நான் தொலைஞ்சேன். அது மழையாலதான்னு சந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்லுதேன். அதுக்கு முன்னால என் வள்ளத்தை நீங்க வாங்கிக்கணும் தம்பி, அது உங்களுக்குத்தான் சேரும்" என்றாள் ரெஜினாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊரே நிக்கும்போது கோயில் மைக்கைப் பிடிங்க. லாரியைத் திருப்பச் சொன்னது யாரு, போன வருஷம் கதிர்வீச்சுன்னு பொய் சொன்னது யாரு, ரெண்டையும் உங்க வாயால சொல்லிட்டு வந்து வள்ளத்தை எடுத்துட்டுப் போங்க."