தம்பி சொன்ன விதம்

“என் தம்பி செத்துப்போனதுக்கு ஆடுறாங்க சாமி.”

பிரம்மசக்தி இப்படித்தான் ஆரம்பித்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சின்னச் சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காருங்கக்கா” என்றார்.

முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருந்தது அந்த மடம். மடம் என்றால் ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கிணறு, சில முருங்கை மரங்கள். பெரிய சாமி இருந்த காலத்தில் பிரம்மசக்தி அடிக்கடி வருவாள். அவர் அவளை “அம்மா” என்று கூப்பிடுவார். அவர் காலமான பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் சின்னச் சாமி. அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். அவரிடம் கேட்டு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று அவள் இத்தனை நாள் வரவில்லை. இன்று வேறு போக்கிடம் இல்லாமல் வந்திருந்தாள்.

‘அக்கா’ என்றதும் அவளுக்கு என்னவோ செய்தது. அப்படிக் கூப்பிட்ட ஒருவனைப் பற்றிப் பேசத்தான் அவள் வந்திருந்தாள்.

“யாரு ஆடுறாங்க?” என்று கேட்டார் சின்னச் சாமி.

“எல்லாரும்.”

பிரம்மசக்தி பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, மாதா கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். காலமெல்லாம் அடுத்தவர் பாட்டைத்தான் பாடிவந்தாள். சொந்தமாகக் கட்டியது ஒரே ஒரு பாட்டு.

கதவ அடைச்சிராத,
வந்துக்கிட்டே இருக்கேன்...

அது அவள் தம்பி சேர்மத்துரையின் பேச்சு. லாரி ஓட்டினான். லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போது, கயத்தாறு தாண்டியதும் அக்காவுக்கு போன் பண்ணுவான். “யக்கா, கதவ அடைச்சிராத, வந்துக்கிட்டே இருக்கேன்.”

ஒருநாள் அப்படிச் சொன்னவன் வந்து சேரவில்லை. வழியில் லாரி கவிழ்ந்துவிட்டது.

வருஷம் திரும்பியபோது அந்த வார்த்தைகளை வைத்தே அவள் பாட்டுக் கட்டினாள். ‘யக்கா’வை மட்டும் விட்டுவிட்டாள். அதை வாய்விட்டுப் பாட அவளுக்குத் தெம்பு இல்லை.

‘யக்கா’ போனதும் அது காதல் பாட்டாகிவிட்டது.

மேடையில் பாடியதை யாரோ செல்போனில் எடுத்துப் போட்டார்கள். வேறு யாரோ அதற்குத் தாளம் சேர்த்து வேகப்படுத்தினார்கள். அப்புறம் எந்த மண்டபத்தில் மாப்பிள்ளை உள்ளே நுழைந்தாலும் அந்தப் பாட்டுதான். கூட்டாளிகள் முன்னால் ஆடிக்கொண்டு வருவார்கள். மேடையில் நிற்கிற பெண் கையை நீட்டி, வா வா என்று ஆடும். பிரம்மசக்தி ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகப் பாடுவாள்.

“அவன் கடைசியாப் பேசின பேச்சு சாமி. அதுக்குப் போய் விசில் அடிக்கிறாங்க.”

“நானும் ஆடிருக்கேன்க்கா. என் தங்கச்சி கல்யாணத்துல.”

அவள் முகம் சுருங்கிப்போனது.

“நல்லா இருந்துச்சு” என்றார் அவர்.

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். போகவில்லை. முன்னால் கிடந்த கீரைக் கொத்து ஒன்றை எடுத்து அவளும் உருவ ஆரம்பித்தாள்.

“எல்லார்ட்டயும் சொல்லிரலாமான்னு இருக்கு. இது யார் பேச்சு, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு மேடையிலயே சொல்லிரலாமான்னு இருக்கு.”

“சொல்லணும் போல இருக்கா?”

“ஆமா.”

“சொல்லுங்க.”

அவள் காத்திருந்தாள். அவர் அடுத்த கொத்தை எடுத்து உருவினார்.

“அவ்வளவுதானா?”

“கீரை கொஞ்சம் கொண்டு போறீங்களா?” என்றார் சின்னச் சாமி.

பெரிய சாமி இருந்திருந்தால், என்று நினைத்துக்கொண்டே பிரம்மசக்தி பஸ் ஏறினாள்.

*

வள்ளியூர்ப் பக்கம் ஒரு பொருட்காட்சி. பெரிய மேடை. அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கூட்டம் கத்தியது.

பிரம்மசக்தி மைக்கைக் கையில் எடுத்தாள். தாளக்காரரைக் கை காட்டி நிறுத்தினாள்.

சொன்னாள். தம்பியின் பெயரைச் சொன்னாள். கயத்தாறைச் சொன்னாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள்.

பஞ்சுமிட்டாய்க்காரர்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

அவள் மெதுவாகப் பாடினாள். யாரும் கை தட்டவில்லை. பாதிப் பேர் அழுதார்கள்.

இறங்கி வந்தபோது புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அவளுக்காகக் காத்து நின்றது. அந்தப் பெண் பிரம்மசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க கல்யாணத்துல இதுக்குத்தான்க்கா ஆடினோம். தெரியாம ஆடிட்டோம். மன்னிச்சிருங்க.”

“இருக்கட்டும்மா” என்றாள் பிரம்மசக்தி.

அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாற்போல் இருந்தது.

அந்தப் பேச்சையும் யாரோ எடுத்துப் போட்டார்கள்.

பிறகு போகிற இடமெல்லாம் அதையே கேட்டார்கள். “அந்தத் தம்பி கதையச் சொல்லிட்டுப் பாடுங்கக்கா.” அவள் மைக்கைப் பிடித்ததும் விளக்கைக் குறைத்தார்கள். ஜனங்கள் செல்போன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்தார்கள். மூன்றாவது அடியில் அவள் குரல் உடையும். அந்த இடம் வருமுன்பே சிலர் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

கல்யாண வீடுகளில் மட்டும் அந்தப் பாட்டு நின்றுபோனது. நல்ல காரியத்தில் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

*

“சொல்லுங்கன்னீங்க. சொன்னேன்.”

சின்னச் சாமி கிணற்றடியில் வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“இப்ப யாரும் ஆடலையா?”

“ஆடல.”

“விசில்?”

“இல்ல. அழுறாங்க.”

“அப்புறம் என்னக்கா?”

பிரம்மசக்திக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“தென்காசியில பாடினேன். அந்த மூணாவது அடி வந்துச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு. கண்ணுல தண்ணி ஓடுது, தொண்டை அடைக்குது, எதிர்ல எல்லாரும் அழுறாங்க. நான் மட்டும், அடுத்த பாட்டுக்குள்ள சேலை மாத்த நேரம் இருக்குமான்னு நினைச்சுக்கிட்டு நிக்கேன்.”

அவர் வேட்டியைக் கொடியில் விரித்தார்.

“அழுகை வந்துச்சு சாமி. நான் வரல.”

காற்றில் வேட்டி படபடத்தது. அவர் அதை இழுத்துவிட்டார்.

“ஆடினப்போகூட அவன் எனக்குள்ள இருந்தான். யாருக்கும் தெரியாம வச்சிருந்தேன். இப்ப ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்குத்தான் அவனக் காணோம். மேடைக்கு மேடை அவனச் சாகடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்கு. இனிமே இந்தப் பாட்டைப் பாட மாட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“சரிக்கா. பாட வேண்டாம்.”

அவர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“உங்க தம்பி அத எப்படிச் சொன்னாரு?”

“போன்லதான்.”

“எப்படின்னு சொல்லிக் காட்டுங்க.”

“கதவ அடைச்சிராத...” அவளை அறியாமல் ராகத்தோடு வந்தது.

“இது பாட்டு.”

ராகத்தை விட்டுவிட்டுச் சொன்னாள். குரல் நடுங்கியது. மூச்சு இழுத்தது.

“இது நீங்க. உங்க தம்பி எப்படிச் சொன்னாரு?”

மறுபடியும் சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

பிரம்மசக்திக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க அவன ஒரு நாளும் பாத்ததில்ல. அவன் எப்படிச் சொன்னான்னு உங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரியாதுக்கா. அதான் கேக்கேன்.”

அவர் நிஜமாகவே தெரியாதவர் மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

“கத்துவான்” என்றாள் கடைசியில்.

“ம்.”

“லாரிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு கத்துவான். நான் போனைக் காதுல வைக்கவே மாட்டேன். இப்படித் தள்ளிப் பிடிச்சுக்கிடுவேன்.”

கையை நீட்டிக் காட்டினாள்.

“ம்.”

“வாயில எப்பவும் எதையாவது மென்னுக்கிட்டு இருப்பான். பாதி வார்த்தை புரியாது. முழுங்கிட்டுப் பேசுலேன்னு வைவேன்.”

“அன்னைக்கு என்ன மென்னாரு?”

பிரம்மசக்தி அவரைப் பார்த்தாள். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“திராட்சை.”

“திராட்சையா?”

“கம்பத்துக்கு லோடு கொண்டு போயிட்டுத் திரும்புதான். எனக்குன்னு பன்னீர் திராட்சை ஒரு கூடை வாங்கிருக்கான். வர்ற வழியெல்லாம் அவனே தின்னுக்கிட்டு வாரான். கயத்தாறு தாண்டி போன் அடிக்கான். ‘யக்கா, உனக்கு வாங்கினதுல பாதிக் கூடை போச்சு, கோவத்துல கதவ அடைச்சிராத, வந்துக்கிட்டே இருக்கேன்’ங்கான். ‘வெறுங்கூடையோட வந்து நில்லு, அடைக்கேனா இல்லையான்னு பாரு’ன்னேன். அவ்வளவுதான், அவனுக்குச் சிரிப்புத் தாங்கல. திராட்சை புரையேறிட்டு. இருமுதான், சிரிக்கான், பக்கத்துல கிளீனர் அண்ணாச்சி சிரிக்கது கேக்கு. அந்த இருமலோட மறுபடியும் கத்துதான் பாருங்க...”

பிரம்மசக்தி கையை வாயருகே குவித்துக்கொண்டாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, வாய் நிறையத் திராட்சை இருப்பவளைப் போல, மடம் அதிரக் கத்தினாள்.

“அடைச்சிராதக்கா! அடைச்சிராத! வந்துக்கிட்டே இருக்கேன்!”

முருங்கை மரத்திலிருந்து காக்கைகள் எழும்பின.

அவள் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. சின்னச் சாமியும் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடியும் சிரித்தாள்.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

“இத மேடையில சொன்னீங்களாக்கா?”

“இல்ல.”

“ஏன்?”

“இதுல அழுறதுக்கு ஒண்ணும் இல்லையே சாமி” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

*

தை மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. கச்சேரி தொடங்குமுன்பே மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து நின்றார். நல்ல மனுஷர். சொல்லத் தயங்கினார்.

“அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் தாயி. தப்பா எடுத்துக்கிடாதீங்க.”

“சரிங்கய்யா” என்றாள் பிரம்மசக்தி.

கச்சேரி நன்றாகத்தான் போனது. நடுவில் மாப்பிள்ளையே எழுந்து பக்கத்தில் வந்தான். மாலை கழுத்தில் கிடக்க, குனிந்து கேட்டான்.

“அக்கா, அத ஒருக்கப் பாடுவீங்களா? எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் பிடிக்கும். அழாமக் கேட்டுக்கிடுதோம்.”

அவள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் மகனைப் பார்த்தார். பிறகு, என்னவோ செய்யுங்கள் என்கிற மாதிரிக் கையை விரித்தார்.

அவள் மைக்கைக் கையில் எடுத்ததும் மண்டபம் அமைதியாகிவிட்டது. கதை தெரிந்தவர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் செல்போன் வெளிச்சத்தைப் போட்டார்.

“எனக்கு ஒரு தம்பி” என்றாள் பிரம்மசக்தி. “அவன நம்பி ஒரு கூடை திராட்சை வாங்கியாரச் சொல்ல முடியாது.”

முதலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் போனைத் தள்ளிப் பிடித்த விதத்தைக் காட்டினாள். கன்னத்தை உப்பிக்கொண்டு அவன் பேசியதைப் பேசிக் காட்டினாள். கல்யாணப் பெண்தான் முதலில் சிரித்தது, வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

பிரம்மசக்தி தாளக்காரர் பக்கம் திரும்பினாள்.

“வேகமா வாசிங்கண்ணே.”

“வேகமாவா?”

“ஆமா. அவன் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான்லா.”

தாளம் எழுந்தது. அவள் கத்துகிற மாதிரிப் பாடினாள், லாரிச் சத்தத்தை மீறிக் கேட்க வைக்க வேண்டியவளைப் போல.

கதவ அடைச்சிராத,
வந்துக்கிட்டே இருக்கேன்!

முன்வரிசையில் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, தன்னை மறந்து உரக்கக் குரல் கொடுத்தாள்.

“வாய்யா ராசா, தொறந்துதான் கெடக்கு!”

மண்டபமே சிரித்தது.

பிரம்மசக்தி பாடிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.